வெல்லக் கட்டியும் விறகுக் குவியலும்

சிறுவர் கதைகளில் அரசகுமாரர்களின் காலம் முடிந்துவிட்டது போலும். ஏழு கடல் தாண்டிக் கிளியின் உயிரைப் பறித்து வந்த வீரனின் இடத்தில் இன்று பத்து வயதுச் சிறு முதலாளி ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவன் வீட்டு வாசலில் எலுமிச்சைச் சாறு விற்கிறான். அல்லது பழைய புத்தகங்களை வாடகைக்கு விடுகிறான். அல்லது அம்மாவின் அடுப்பில் மெழுகுவர்த்தி வார்க்கிறான். நடுப்பக்கத்தில் சிறு நட்டம், அதற்கடுத்த பக்கத்தில் ஒரு புதிய யோசனை, இறுதிப் பக்கத்தில் நிறைந்த உண்டியல். குழந்தைக்குத் தன்னம்பிக்கையும் கணக்கும் ஒருசேர வந்துவிடும் என்று பெற்றோர் மகிழ்ந்து வாங்குகின்றனர். கோடை முகாம்களிலும் திருவிழாக் காலங்களிலும் நம் பங்குகளிலேகூடச் சிறார் அங்காடிகள் வைக்கப்பட்டு, மிகுதியாக விற்றவனுக்குப் பரிசு வழங்கப்படுகிறது.

இக்கதைகளுள் பெரும்பாலானவை குழந்தைகளிடம் உண்மையை மறைக்கின்றன என்பதே என் வழக்கு. வணிகம் இழிதொழில் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்விதழைப் படிப்போருள் கடை வைத்திருப்போர் பலர். கடன் வாங்கி, கடன் கொடுத்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் அவர்களுக்கு, இக்கதைகளில் வரும் வணிகம் தாம் செய்யும் வணிகமன்று என்பது எளிதில் விளங்கும்.

இவ்வகைக் கதை புதியதென்று எண்ண வேண்டா. புத்த சாதகக் கதைகளுள் நான்காவதாக வைக்கப்பட்டுள்ள சுல்லக செட்டியின் கதை இதுதான். கதாசரித்சாகரத்திலும் எலி வணிகன் கதையாக இது உண்டு. வழியில் கிடந்த செத்த எலியைக் கண்ட ஒரு பெருவணிகர், அறிவுள்ள இளைஞன் எவனும் இதை முதலாகக் கொண்டே பொருளீட்டலாம் என்று சொல்ல, அதைக் கேட்ட ஓர் ஏழை இளைஞன் எலியை எடுத்துப் பூனைக்கு இரையாக ஒரு காசுக்கு விற்கிறான். அந்தக் காசுக்கு வெல்லம் வாங்கி, ஒரு குடம் நீருடன் காட்டு வழியில் நிற்கிறான். களைத்து வரும் பூப்பறிப்போர்க்கு ஒரு துண்டு வெல்லமும் ஓர் அகப்பை நீரும் தருகிறான். அவர்கள் கைப்பிடிப் பூத் தருகின்றனர். இப்படியே வளர்கிறது கதை. இன்றைய எலுமிச்சைச் சாற்றுக் கதைக்கு இதுவே கொள்ளுப்பாட்டி.

இதுவரை நன்று. அடுத்து நிகழ்வதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் புயல் வீசி அரசனின் தோட்டத்தில் கிளைகள் முறிந்து விழுகின்றன. அவற்றை அகற்ற வழியறியாமல் தோட்டக்காரன் திகைக்கிறான். விறகு எனக்கே என்றால் அகற்றித் தருகிறேன் என்கிறான் நம் நாயகன். அவனா சுமந்தான்? சிறுவர் விளையாடும் இடத்திற்குப் போய் ஆளுக்குக் கொஞ்சம் வெல்லம் கொடுத்தான். அவர்கள் சுள்ளி ஒன்று விடாமல் பொறுக்கி வாயிலருகே குவித்துவிட்டனர். அரண்மனைக் குயவன் அந்த விறகுக் குவியலைப் பதினாறு காசும் சில கலங்களும் கொடுத்து வாங்கிச் சென்றான். அக்காசில் ஒன்றேனும் அச்சிறுவருக்குப் போனதாகக் கதை சொல்லவில்லை. போகாததைக் குறையென்றும் அது கருதவில்லை.

பின்னர்க் குதிரை வணிகன் ஒருவன் ஐந்நூறு குதிரைகளோடு வருகிறான் என்ற செய்தி இளைஞனுக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. நகரத்துப் புல்வெட்டிகள் ஐந்நூறு பேருக்கும் அவன் முன்பே தண்ணீர் கொடுத்து நட்புச் செய்திருந்தான். இன்று ஆளுக்கு ஒரு கட்டுப் புல் எனக்குத் தாருங்கள், என் புல் விற்கும்வரை உங்கள் புல்லை விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறான். குதிரை வணிகன் வேறு எங்கும் புல் கிடைக்காமல் அவனிடமே ஆயிரம் கொடுத்து வாங்குகிறான். இன்றைய வழக்கில் இதற்குப் பதுக்கல் என்று பெயர். கடைசியில் நாயகன் இரண்டு இலட்சம் ஈட்டி, அதில் பாதியை நன்றியறிதலாகப் பெருவணிகரிடம் கொண்டுபோய், அவர் மகளையே மணக்கிறான். யோசனை சொன்னவருக்கு ஓர் இலட்சம் கிடைத்தது. சுமந்தவர்க்குக் கிடைத்தது வெல்லம். பழைய கதைசொல்லியிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுவரையும் புல்வெட்டிகளையும் அவர் மறைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் கதை நகராது என்று அவருக்குத் தெரியும். இன்றைய கதைகளில் அவர்கள் பெரும்பாலும் படத்தில்கூட இல்லை.

இருந்தாலும் எப்படி இருக்கின்றனர்? 1997இல் வெளிவந்து, தமிழிலும் பெயர்க்கப்பட்டு, நம் புத்தகக் கண்காட்சிகளில் நன்கு விற்கும் இராபர்ட் கியோசாகியின் ‘பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை’ நூலை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்பது வயதுச் சிறுவர் இருவர், கடைக்காரர் கழித்துவிட்ட படக்கதைப் புத்தகங்களைச் சேர்த்து ஒரு நூலகம் திறக்கின்றனர். நுழைவுக் கட்டணம் பத்து சென்ட். நாள்தோறும் பள்ளி விட்டதும் இரண்டு மணி நேரம் நூலகத்தைத் திறந்து வைத்துக் கவனித்துக்கொள்பவள் அவர்களுள் ஒருவனின் தங்கை. சிறுவர்களுக்கு வாரந்தோறும் சராசரியாக ஒன்பதரை டாலர் வருகிறது. அவளுக்கு வாரச் சம்பளம் ஒரு டாலர். தாங்கள் அங்கே இல்லாதபோதும் பணம் வந்ததே என்று நூலாசிரியர் பெருமிதம் கொள்கிறார். பணம் தானாக உழைத்ததாம்! பணம் உழைக்கவில்லை ஐயா, தங்கை உழைத்தாள். ஓர் ஒன்பது வயதுப் பையனின் கண்ணுக்கு அது தெரியாமற்போனதில் வியப்பில்லை. வளர்ந்தபின் எழுதியவருக்கும் தெரியவில்லையே!

இனி, தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைக்குச் செல்வோம். கடல் மட்டத்திற்கு மூவாயிரம் அடிக்கு மேலே, மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் சிற்றூர்களின் தொகுதி அது. சாமையும் கேழ்வரகும் விளையும். சவுக்கு மரம் போல் நெடிது வளர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடி. மலைப்பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்து அங்கு ஏறியது 2022இல்தான். அதற்கு முன் விளைந்தது எதுவாயினும் தலைச்சுமையாகவோ, வண்டி வைத்திருந்தவரின் தயவிலோதான் கீழே இறங்கியது.

அப்படிப்பட்ட மலையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியின் கையில் நம் எலுமிச்சைச் சாற்றுக் கதையைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் அதில் எதைக் கற்பாள்? விற்பது எப்படி என்றா? பலாப்பழக் காலத்தில் எந்தப் பழத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும், எதை இரண்டு நாள் வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். சாமை மூட்டையை யார் எடை போட்டால் எவ்வளவு குறையும் என்பதை அவள் பாட்டி சொல்லியிருப்பாள். அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வீட்டில், விளைச்சலின் விலையைச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் மலை ஊர்க் குழந்தை எதுவும் கேட்காமலே கற்றுக்கொள்கிறது. அவளுக்கு இல்லாதது யோசனையன்று. கதையோ, உன் தந்தையிடம் யோசனை இல்லை, அதனால்தான் இவ்வீடு இப்படி இருக்கிறது என்று அவள் காதில் ஓதுகிறது. வறுமையை யோசனைக் குறைவாகக் காட்டுவதே இக்கதைகளின் முதற்பொய். அதைப் பட்டணத்துப் பிள்ளை படித்தால் செருக்கு வரும். மலைப் பிள்ளை படித்தால் தன் வீட்டை நினைத்து வெட்கம் வரும். இரண்டில் எது கொடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது பொய் காலத்தைப் பற்றியது. கதைச் சிறுவன் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை இலாபம் எண்ணுகிறான். வத்தல்மலையில் ஒருவர் காப்பிக் கன்று நட்டால், காய் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதே தொழிலின் முதற்கேள்வி. அக்கேள்விக்கு விடையில்லாதவர்தாம் கூலிக்கு மலையிறங்கிச் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில், இதே மாவட்டத்துச் சித்தேரி மலைப்பகுதியினரும் இருந்தனர். அவர்களை அழைத்துச் சென்றவர்களிடமும் ஒரு யோசனை இருந்தது, முதலும் இருந்தது.

‘கணக்காவது வருமே’ என்பார்க்கு ஒரு சொல். இதுபற்றி வலுவான ஆய்வுகள் உண்டு. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில், தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறாரை மூன்று ஆய்வாளர்கள் சோதித்து 1985இல் வெளியிட்டனர். கடையில் வாடிக்கையாளராக நின்று கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக வந்தன. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37தான். எண்களைச் சிறு கதையில் பொதிந்து கொடுத்தபோது 74. ஐந்தே சிறாரிடம் செய்த சிறிய ஆய்வு அது. ஆயினும் நாற்பதாண்டுகளுக்குப் பின், 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உழைக்கும் சிறாரிடம் கண்டது பெரும்பாலும் அதையே: கடையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே முடிப்போர் பள்ளிப் பாணியில் எழுதிய எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளியில் தேறியவரோ சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? கடை வைப்பதால் பள்ளிக் கணக்கு தானாக வந்துவிடாது. அதே வேளையில், முப்பத்தேழை எழுபத்து நான்காக உயர்த்தியது ஒரு கதைதான் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே கதை வழியாகக் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. கதைக்கு அந்த ஆற்றல் இருப்பதால்தான் எந்தக் கதை என்று சண்டையிடுகிறேன்.

நல்ல கதைகள் இல்லாமலில்லை. கேட்டி சுமித் மில்வே 2008இல் வெளியிட்ட ‘ஒரு கோழி’ என்னும் நூல், கானா நாட்டு வணிகர் குவாபேனா டார்க்கோவின் வாழ்வைத் தழுவியது. ஊரார் சேர்ந்து சேமித்த பணத்தில் முறை வைத்துக் கடன் பெறுகின்றனர். தாய் பெற்ற கடனில் மீந்த சில காசுகளைக் கொண்டு மகன் ஒரு கோழி வாங்குகிறான். முட்டை விற்ற காசில் மீண்டும் பள்ளிக்குப் போகிறான். முதல் எங்கிருந்து வந்தது, இலாபம் எங்கே போனது, இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. பின்னாளில் அவன் அரசுக்கு வரி செலுத்துவதும் கதையில் உண்டு. வேறெந்தச் சிறுவர் வணிகக் கதையில் வரியைக் கண்டீர்கள்? ஜீன் மெரில் எழுதிய பற்பசைக் கோடீசுவரன் கதையும் இத்தகையது. கடையில் ஒரு குழல் பற்பசைக்கு இத்தனை விலையா என்று திகைக்கும் சிறுவன், அதில் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன விலை என்று பிரித்துப் பார்க்கிறான். பொருளின் அடக்கவிலையைக் கேட்கக் கற்ற பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். நம் கதாசிரியர்கள் அப்பக்கம் எட்டிப் பார்ப்பதேயில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி உரிய வயதடையாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. அவ்வாறு செய்த ஒப்பந்தம் தொடக்கமுதலே செல்லாது என்று 1903இல் மொகரி பீபி வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆக, பத்து வயது முதலாளி என்று ஒருவர் சட்டத்தின் கண்ணில் இல்லை. அவர் பின்னால் ஒரு தந்தையோ மாமனோ இருக்கிறார். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்தனர். அது பெரிய முன்னேற்றம். ஆனால் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்றொரு வாசலையும் திறந்துவைத்தனர். அவ்வாசலின் அகலம் எவ்வளவு என்று யார் அளப்பார்? கடைப்பலகையில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து, ‘சிறு தொழில் முனைவோன்’ என்று மெச்சக் கதைப் புத்தகம் கற்றுக்கொடுத்துவிட்டால், ‘இன்று பள்ளிக்குப் போகவில்லையா தம்பி?’ என்று கேட்கும் வாய் அடைபட்டுப் போகும். பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு நாள் விளையாட்டாக இருப்பது ஏழைப் பிள்ளைக்கு நாள்தோறும் வேலையாகும். இரண்டிற்கும் ஒரே பெயர் சூட்டுவதில்தான் தீங்கு இருக்கிறது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிருமுன் குழந்தைகளைத் தொழிற்கூடங்களில் சேர்க்கலாகாதென எச்சரித்திருப்பதை நம் நூலகங்களின் பொறுப்பாளர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தாலந்து உவமையைச் சான்றாகக் காட்டுவோர் நம்மிடையே உண்டு. ஐந்தைப் பத்தாக்கியவன் பாராட்டப்பட்டான் அல்லவா என்பர். அவ்வுவமையில் வருவோர் வளர்ந்த பணியாளர், முதல் தலைவருடையது, கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. சிறுவன் ஒருவன் நற்செய்தியில் வேறோரிடத்தில் வருகிறான். பசித்த பெருங்கூட்டத்தின் நடுவே ஐந்து அப்பமும் இரண்டு மீனும் அவனிடம் மட்டுமே இருந்தன. நம் கதாசிரியர் கையில் அவன் கிடைத்திருந்தால் அன்று மாலைக்குள் பெருஞ்செல்வன் ஆகியிருப்பான்.

மாணவரைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்துவது தவறா? தவறன்று, செய்யும் முறை உண்டு. தில்லி அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் குழுவாகச் சேர்ந்து தொழில் தொடங்க ஆளுக்கு 2000 ரூபாய் அரசே முதலாகக் கொடுத்தது. குறைகள் இருக்கலாம், ஆயினும் முதல் பொதுப்பணம் என்பது வெளிப்படை, பிள்ளைகளும் சிறுவரல்லர், வகுப்பைவிட்டு வெளியேறவும் இல்லை. இதைவிட ஆழமான எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க் பகுதியில் உள்ளது. உள்நாட்டுப் போரின் காயம் ஆறாத மொந்திராகோன் என்னும் சிற்றூருக்கு 1941இல் துணைப் பங்குத்தந்தையாக வந்த அருள்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா, 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். கடை அல்ல, பள்ளி. அங்குப் பயின்றவர்களுள் ஐவர் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கியது 1956இல். இடையில் பதின்மூன்று ஆண்டுகள்! உழைப்போரே உரிமையாளராகிய கூட்டுறவாக அது வளர்ந்தது. 1966இல் மாணவர்க்கென்றே அலெகோப் என்னும் கூட்டுறவுத் தொழிற்கூடமும் உருவாயிற்று. அங்கே நாளின் ஒரு பகுதி வேலை, மறுபகுதி படிப்பு. ஈட்டியது கல்விச் செலவுக்கு. திருச்சபை அவரை 2015இல் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. இந்த வரலாற்றைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கதையாக எழுதத் தமிழில் ஒருவரும் முன்வரவில்லையென்றால் அது நம் எழுத்தாளர்க்குப் பெருமையன்று. யாரோ ஒருவன் செல்வனானான் என்பதைவிட ஐவர் சேர்ந்து அடுப்புச் செய்யக் கற்றனர் என்பது சுவை குறைந்த கதையா என்ன?

வத்தல்மலைக் குழந்தைக்கென ஒரு கதை எழுதுவதானால் எதிலிருந்து தொடங்கலாம்? சாமையிலிருந்தே தொடங்கலாம். உமியோடு கூடிய சாமைக்கு ஒரு விலை. உமி நீக்கிய அரிசிக்குப் பன்மடங்கு விலை. நடுவே நிற்பது ஓர் இயந்திரமும் ஒரு பேருந்துப் பாதையும். அந்த இயந்திரத்தை ஊரார் சேர்ந்து வாங்க என்ன வேண்டும்; சங்கத்தின் கணக்கை யார் எழுதுவது; எழுதத் தெரிந்த ஒருவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்; தராசின் முத்திரையை எங்கே பார்ப்பது; மின்சாரம் நின்ற நாளில் யார் கூலியைக் குறைப்பது; மழை பொய்த்த ஆண்டில் கடன் தவணை என்னாகும்? ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயத்திற்குப் போதும். இதில் வரும் சிறுமி முதலாளியாக வேண்டா. கூட்டத்தில் கணக்கைப் படித்துக் காட்டும்போது கூட்டல் தவறைக் கண்டுபிடிப்பவளாக இருந்தால் போதும். அதற்காக அவள் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். மலையில் பிறந்த பிள்ளை அதைப் படித்தால், ‘இது எங்கள் ஊர்’ என்று சொல்லும். பட்டணத்துப் பிள்ளை படித்தால், தன் தட்டிலுள்ள சாமைச் சோறு எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்று எண்ணும்.

பங்குகளில் சிறார் அங்காடி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். அங்காடியை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. பரிசைமட்டும் மாற்றுங்கள். மிகுதியாக விற்றவனுக்குக் கொடுப்பதை விடுத்து, கணக்கைச் சரியாகச் சொன்ன குழுவிற்குக் கொடுங்கள். சர்க்கரை எந்த வீட்டிலிருந்து வந்தது, அதன் விலையைக் கழித்தார்களா? எலுமிச்சை பிழிந்தது யார்? அம்மாவின் இரண்டு மணி நேர வேலைக்கு என்ன எழுதினார்கள்? தம்ளர் கழுவிய சிறுவனுக்குப் பங்கு உண்டா, அல்லது மீந்த சாறு மட்டுந்தானா? வாங்கியவர்களுள் தாகத்திற்காக வாங்கியவர் எத்தனை பேர், மறைக்கல்வி ஆசிரியைக்காக வாங்கியவர் எத்தனை பேர்? இவற்றை ஒரு கரும்பலகையில் எழுதச் செய்து, கூடியிருப்போர் முன் படிக்கச் செய்யுங்கள். இலாபம் என்று நினைத்தது பல குழுக்களுக்கு நட்டமாக முடியும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் வாதாடுவார்கள். அந்த வாதத்திற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.